ஆடிப்பெருக்குச் சோறும் எங்கள் குளத்து மீன்களும்



நம் மலரில் சமையல் குறிப்பு, யாத்திரை அனுபவம், பிள்ளைகளுக்கான கதை என்று பலவும் வருகின்றன. இம்முறை ஒரு குளத்தைப் பற்றி எழுதுகிறேன். பாரக்பூருக்கும் நைஹாட்டிக்கும் நடுவே, ரயில் பாதைக்குக் கிழக்கே, எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் குளம் அது. உங்களில் பலருக்கு அதைத் தெரியும். ஆடிப் பதினெட்டுக்கு நம்மவர்கள் கூடிச் சித்திரான்னம் சாப்பிட்ட அதே குளந்தான். அங்கே நடந்த ஒன்றை இத்தனை வருடம் பாதியாகத்தான் சொல்லி வந்தேன். மீதிப் பாதியையும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

வங்காளத்தில் வீடு வாங்கினால் பல இடங்களில் குளமும் சேர்ந்து வரும். வீட்டு மேடை எழுப்ப மண் தோண்டிய பள்ளமே குளமாகும். அதில் குளிப்பார்கள், பாத்திரம் துலக்குவார்கள், மீன் வளர்ப்பார்கள். எங்கள் குளம் 3 கட்டா. ஒரு கட்டா 720 சதுர அடி என்றால் மொத்தம் 2,160 சதுர அடி. எங்களுக்குப் பாதி, பக்கத்து வீட்டாருக்குப் பாதி. நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள். ஆகவே மீன் முழுவதும் பக்கத்து வீட்டுப் பௌதியின் பொறுப்பு. அவர் ஆனி மாதம் ருய், காத்லா, மிருகேல் குஞ்சுகளை வாங்கி விடுவார். நம் ஊரில் ரோகு, கட்லா, மிருகால் என்கிறோமே, அவைதாம். மீன் பிடிக்கும் நாளில் எங்கள் பங்குக்குப் பணம் தருவார். நான் மறுப்பேன். அவர் பூசணிக்காயும் வாழைப்பூவும் கொடுத்தனுப்புவார். இப்படி நல்லபடியாகவே நடந்து வந்தது.

அந்தப் புதன்கிழமை

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடிப் பதினெட்டை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை நம் குடும்பங்கள் பதினைந்து எங்கள் வீட்டில் கூடின. காவிரிக்குப் போக முடியாத குறையை எங்கள் குளம் தீர்த்து வைத்தது. மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்து, பெண்கள் கும்மி அடித்தார்கள். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்று நால்வகைச் சோறும் ஏராளம். சாப்பிட்டு முடித்த பின்னும் பெரிய பாத்திரத்தில் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் மிஞ்சியது. மழைக்காலம், கெட்டுப் போகும். "மீனும் ஜீவன்தானே, ஜலத்துக்கே சேரட்டும்" என்று நான்தான் சொன்னேன். நான்தான் பாத்திரத்தைச் சாய்த்தேன். மீன்கள் துள்ளி வந்து தின்றதைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டினார்கள்.

திங்களும் செவ்வாயும் வெயிலே இல்லை. வானம் ஈயத் தகடுபோல் மூடிக் கிடந்தது. இலை அசையவில்லை. புதன்கிழமை விடிவதற்குள் பௌதியின் குரல் கேட்டு ஓடினேன். குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். எண்ணிப் பார்த்ததில் 41 மீன்கள். எல்லாம் வளர்ந்த மீன்கள். அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று துர்கா பூஜைக்கு முன் பிடித்து விற்க வைத்திருந்தவை.

குளத்துக்குப் பின்புறம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் புடலும் பயிரிட்டு வந்தான் ஓர் இளைஞன். செவ்வாய்க்கிழமை மாலை அவன் முதுகில் ஸ்ப்ரே மெஷினுடன் குளத்தங்கரையில் நின்றதை இருவர் பார்த்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் தண்ணீர் இறைப்பதில் அவனுக்கும் பௌதி வீட்டுக்கும் சண்டை வேறு. அரை மணி நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. "விஷம் வைத்துவிட்டான்" என்றார்கள். என்னைக் கேட்டார்கள். "ஆமாம், நானும் அவனைப் பார்த்தேன்" என்றேன். அது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் சொன்ன உண்மைக்கு வேறு அர்த்தம் ஆகிவிட்டது. ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். தாணாவுக்குப் போகலாம் என்று கிளம்பினார்கள்.

அப்போது வந்தவர் எங்கள் தெருக் கோடியில் இருந்த ஓய்வு பெற்ற மீன்வளத் துறைக்காரர். கூட்டத்தை நிறுத்தி, என்னைப் பார்த்து நான்கு கேள்வி கேட்டார்.

"திதிமணி, செத்தது பெரிய மீனா, சின்ன மீனா?"

"பெரியதுதான்."

"மாகுரும் கோயும் செத்ததா?"

பார்த்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. ஓரத்தில் நெளிந்துகொண்டிருந்தன.

"நத்தைகள் எங்கே?"

படிக்கட்டில், நீர் மட்டத்துக்கு மேலே, கொத்துக் கொத்தாக ஏறியிருந்தன.

"கடந்த மூன்று நாளில் குளத்தில் என்ன கொட்டினீர்கள்?"

நான் பதில் சொல்லவில்லை. என் கண் பெரிய பாத்திரத்தின் மேல் போனதை அவர் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். "இது விஷம் இல்லை. மூச்சுத் திணறல். அந்தப் பையனை விடுங்கள்" என்றார்.

முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிய பாடம். என் கொல்லையில் அது கண்ணெதிரே நடந்தபோது எனக்குப் புரியவில்லை. ஆகவே, இப்போது அந்தப் பாடத்தைக் குளத்தங்கரையிலிருந்தே மறுபடி தொடங்குகிறேன்.

குளத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது?

நாம் சுவாசிக்கும் காற்று ஒரு லிட்டரில் சுமார் 210 மில்லி லிட்டர் பிராணவாயு உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள குளத்து நீர், காற்றோடு கலந்து நிறைந்த நிலையிலும், லிட்டருக்கு 6 மில்லி லிட்டருக்கும் குறைவாகவே அதைக் கரைத்து வைத்துக்கொள்ளும். எடைக் கணக்கில் ஏறக்குறைய 7.5 மில்லி கிராம். நீர் குளிர்ந்தால் கொள்ளளவு கூடும். 20 டிகிரியில் 9 மில்லி கிராம். சூடானால் குறையும். மீனுக்கோ வெயில் காலத்தில் பசியும் மூச்சும் அதிகம். தேவை கூடும் வேளையில் சேமிப்புக் குறைகிறது என்பது மீனின் தலைவிதி.

இதை எங்கள் குளத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 2,160 சதுர அடி பரப்பு, சராசரி நாலேகால் அடி ஆழம். கிட்டத்தட்ட 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் நீர். லிட்டருக்கு 7.5 மில்லி கிராம் வீதம் பெருக்கினால் 2 கிலோகூட வரவில்லை. அவ்வளவு பெரிய குளம் தன்னுள் கரைத்து வைத்திருக்கும் பிராணவாயு நம் வீட்டுச் சர்க்கரை டப்பா எடைதான். மீன், நத்தை, புழு, பாசி, சேற்றில் வாழும் நுண்ணுயிர் எல்லாம் அதில்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லி கிராமும் அதற்கு மேலும் இருந்தால் சுகம். 3-க்குக் கீழே போனால் தீனி எடுக்காமல் சோர்ந்துவிடும். 1-க்கும் கீழே சில மணி நேரம் நின்றால் மரணம்.

பாசி: பகலில் கொடுக்கும், இரவில் எடுக்கும்

குளத்து நீர் பச்சையாக இருப்பதைக் கண்டால் நமக்கு அருவருப்பு. படியில் வழுக்கும் பாசி வேறு. நீரில் கலந்து பச்சை நிறம் தரும் பாசி வேறு. இரண்டாவது வகை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதுதான் குளத்தின் விளைநிலம். பாசியை நுண்ணிய பூச்சிகள் தின்கின்றன. அவற்றைக் கட்லா தின்கிறது. வெள்ளிக் கெண்டை பாசியையே நேராக வடிகட்டித் தின்றுவிடும். மீன் வளர்ப்போர் சாணம் போடுவதும் மீனுக்காக அல்ல, பாசிக்காகத்தான்.

பாசியே குளத்தின் மூச்சும். பகலில் வெயில் பட்டதும் அதன் பச்சையம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவை வெளியே விடுகிறது. நல்ல பச்சைக் குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் லிட்டருக்கு 12 மில்லி கிராமைக்கூடத் தாண்டும். காற்றிலிருந்து கரையக்கூடியதைவிட இது அதிகம்.

சூரியன் மறைந்ததும் கொடை நின்றுவிடும். மூச்சு மட்டும் நிற்காது. பாசியும் உயிர்தானே? இரவு முழுவதும் அது மற்ற உயிர்களைப் போலப் பிராணவாயுவை இழுத்துக்கொண்டிருக்கும். பாசி நிறைந்த குளத்தில் இரவுச் செலவில் பெரும்பங்கு மீனுடையதன்று. பாசியும் நுண்ணுயிரும் செய்யும் செலவே பெரிது. ஆகவே ஒவ்வொரு நாளும் குளத்தின் கையிருப்பு பிற்பகலில் உச்சத்தில் இருக்கும். விடியுமுன் அடிமட்டத்துக்கு வரும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் முதல் தேதியும் முப்பதாம் தேதியும் போல. குளத்துக்கோ தினமும் ஒரு முப்பதாம் தேதி உண்டு.

இந்த இரவு பகல் வேறுபாட்டை உலகுக்கு முதலில் தெளிவாகச் சொன்னவர் யான் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர். ஒரு செடி, கெட்ட காற்றைச் சீர்படுத்தும் என்று அவருக்கு முன் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டிருந்தார். வெளிச்சத்தில் மட்டுமே அது நடக்கும், இருளில் செடியும் காற்றைக் கெடுக்கும் என்பதை இங்கன்ஹௌஸ் சோதனைகளால் காட்டி 1779-ஆம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார். இரவில் புளிய மரத்தடியில் படுக்காதே என்று நம் பாட்டிமார் சொன்னபோது நாம் சிரித்தோம். திறந்த வெளியில் அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. காற்று தாராளமாக இருக்கிறது. 2 கிலோ மட்டுமே இருப்புள்ள குளத்தில் கதை வேறு.

அன்று நடந்த கணக்கு

இப்போது பத்துக் கிலோ சோற்றுக்கு வருவோம். மீன் தின்றது கொஞ்சம். மற்றது அடியில் படிந்து அழுகியது. அழுகுவது என்றால் என்ன? நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சு விடுகின்றன. ஒரு கிலோ சோற்றில் நீரைக் கழித்தால் ஏறக்குறைய 280 கிராம் மாவுச்சத்து இருக்கும். அது முழுவதும் மக்கி முடிய 330 கிராம் பிராணவாயு வேண்டும். பத்துக் கிலோவுக்கு 3 கிலோவுக்கு மேல். குளத்தின் மொத்த இருப்போ 2 கிலோ! எண்ணெயும் தயிரும் தேங்காயும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த 3 கிலோவும் ஒரே இரவில் செலவாகிவிடாது என்பது உண்மை. வெயில் அடித்திருந்தால் பகலில் பாசி ஈடுகட்டியிருக்கும். காற்று வீசியிருந்தால் அலையடித்து மேலிருந்து கொஞ்சம் கரைந்திருக்கும். அசையாத நீருக்குள் பிராணவாயு மிக மெதுவாகத்தான் பரவும். காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. அன்று வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. இரண்டு பகல்கள் வரவு குறைந்தது. மூன்று இரவுகள் செலவு ஏறியது. புதன்கிழமை விடியுமுன் கையிருப்பு தீர்ந்தது.

பெரிய மீன்கள் முதலில் போயின. மாகுர் என்ற நாட்டுக் கெளுத்தி, சிங்கி என்ற தேளி, கோய் என்ற பனையேறிக் கெண்டை, ஷோல் என்ற விரால் ஆகியவை நீருக்கு மேலே வந்து காற்றையே நேராக விழுங்கிச் சுவாசிக்கக் கூடியவை. அவை தப்பின. நத்தைகள் படியேறின. விஷம் என்றால் இப்படி ஆள் பார்த்துப் பொறுக்காது.

விஷமா, மூச்சுத் திணறலா?

கிராமங்களில் குளத்து மீன் செத்தால் முதலில் யாராவது ஒருவர் மேல் பழி விழும். உறவுகள் முறியும், வழக்குகூட நடக்கும். ஆகவே இந்த வேறுபாடுகளை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூச்சுத் திணறல் என்றால், சாவு பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும். அதற்கு முன் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். கை தட்டினாலும் ஓடாது. பெரியவை முதலில் சாகும். காற்றை விழுங்கும் மீன்கள் பிழைக்கும். நத்தையும் இறாலும் கரையோரம் வரும். வெயில் ஏறியதும் மிச்ச மீன்கள் தெளிந்துவிடும்.

விஷம் என்றால், பகல், இரவு எந்த நேரத்திலும் நடக்கலாம். மீன்கள் தாறுமாறாகச் சுழன்று துள்ளும். சிறிது, பெரிது என்ற பேதம் இராது. காற்று சுவாசிக்கும் மீனும், தவளையும், நீர்ப் பூச்சியும்கூடச் சாகலாம். வெயில் ஏறியும் சாவு தொடரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சுத்தமான பாட்டிலில் நீரும், ஐஸில் வைத்த மீனும் மீன்வளத் துறையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். 1947-இல் தொடங்கிய மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பாரக்பூரில்தான் இருக்கிறது. அதன் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே போய்க் கேட்கத் தோன்றியதில்லை.

முழம் போட்டுப் பார்த்தல்

பாசி போதுமா, மிகையா என்று பார்க்கச் செக்கி தட்டு என்ற கருவி உண்டு. 1865-ல் இத்தாலியரான செக்கி கடல் நீரின் தெளிவை அளக்கப் பயன்படுத்திய வெள்ளைத் தட்டிலிருந்து வந்தது. இப்போது குளங்களில் பயன்படுவது கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பகுதி தீட்டிய, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு. கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளப்பார்கள். தட்டு இல்லாதவர்களுக்கு நம் முழம் இருக்கிறது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு முழம். சுமார் 45 சென்டிமீட்டர்.

காலை பத்து மணிக்கு மேல், வெயில் இருக்கும்போது, சேறு கலங்காத இடத்தில் உள்ளங்கையை மடக்கி மேல்நோக்கி வைத்துக் கையை மெல்ல இறக்குங்கள்.

1. நீர் முழங்கைவரை வந்தும் உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் பாசி குறைவு. மீனுக்கு இயற்கை உணவு போதாது.

2. அரை முழத்துக்கும் ஒரு முழத்துக்கும் நடுவே மறைந்தால் நல்ல குளம். ஒன்றும் செய்ய வேண்டாம்.

3. அரை முழத்துக்குள்ளேயே மறைந்தால் பாசி மிகை. சாணம், புண்ணாக்கு, தீனி எல்லாவற்றையும் அன்றே நிறுத்துங்கள். மேகமூட்டமான நாள் வந்தால் விடியற்காலையில் எழுந்து பாருங்கள்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். இளம்பச்சையும் பழுப்புப் பச்சையும் நல்லவை. நீலப் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் மேலே திரண்டு, நாறினால் அது மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அவற்றில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சு உண்டாக்கும். அதில் குளிக்கவோ மாட்டுக்குக் காட்டவோ கூடாது. காலையில் பச்சையாக இருந்து உச்சி வெயிலில் செங்கல் நிறமாக மாறும் ஆடை ஒன்றும் இங்கே அடிக்கடி படியும். அது யூக்ளினா வகை. வைக்கோல் பிரியையோ பழைய புடவையையோ இருவர் இரு கரையில் பிடித்து இழுத்து ஒரு மூலையில் ஒதுக்கி அள்ளிவிடலாம்.

மீன் வாய் பிளந்தால் செய்ய வேண்டியவை

1. நீரை அசையுங்கள். மூங்கிலால் அடிக்கலாம், ஓரிருவர் இறங்கி நீந்தலாம். பம்ப் இருந்தால் குளத்து நீரையே இறைத்து உயரத்திலிருந்து மழைபோல் விழவிடுங்கள்.

2. குழாய்க் கிணற்று நீரையும் அப்படியே தெளித்துத்தான் விட வேண்டும். நிலத்தடி நீரில் பிராணவாயு மிகக் குறைவு. இங்கத்திய நீரில் இரும்பு வேறு உண்டு. அது இருக்கும் பிராணவாயுவையும் எடுத்துக்கொள்ளும்.

3. தீனியும் எருவும் ஒரு பிடிகூடப் போடாதீர்கள். வாய் திறப்பது பசியால் அன்று.

4. பாசியைக் கொல்லும் மருந்து எதுவும் அப்போது போடக் கூடாது. செத்த பாசி அழுகும்; அதற்கும் பிராணவாயுதான் செலவு. நோயைவிட மருந்து கொல்லும்.

5. அடிச்சேற்றைக் கலக்காதீர்கள். இங்கே கனமான கயிற்றைக் குளத்தின் அடியில் இழுத்துக் கெட்ட வாயுவை வெளியேற்றும் வழக்கம் உண்டு, ஹர்ரா என்பார்கள். நல்ல வெயில் நாளில், பத்து மணிக்கு மேல் செய்ய வேண்டிய வேலை அது. மீன் திணறும் விடியற்காலையில் செய்தால் ஆபத்து.

வருமுன் காக்க

எங்கள் 3 கட்டாக் குளத்துக்கு 100 முதல் 120 குஞ்சுகள் போதும். ஹெக்டேருக்கு 5,000 முதல் 6,000 என்ற கணக்கில் அவ்வளவுதான் வரும். பௌதியும் நானும் ஆசைப்பட்டு இருநூறு விட்டிருந்தோம். குஞ்சு விடுமுன் சுண்ணாம்பு 4 முதல் 6 கிலோ, நீரில் கரைத்து ஆறவிட்டுத் தெளிக்கலாம். கரையில் கவிந்த மரக்கிளைகளை வெட்டினால் வெளிச்சம் வரும், உதிரும் சருகும் குறையும். ஆகாயத் தாமரையும் சிறு பாசியிலையும் நீரை மூட விடக் கூடாது. மூடினால் வெளிச்சமும் போகாது, காற்றும் கரையாது. சாணத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் வாரம் கொஞ்சமாகப் போட வேண்டும். மேகம் மூடிய நாட்களில் எதுவும் போடக் கூடாது.

குளம் இல்லாத அன்பர்கள் பலர் மொட்டை மாடியில் தாமரைத் தொட்டி வைத்து அதில் பொன்மீன் விட்டிருக்கிறார்கள். கோயில் தொட்டியில் பொரி போடுகிறோம். சட்டம் ஒன்றுதான். மீன் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போட்டதெல்லாம் மீனுக்குப் போட்டதாகாது.

பிள்ளைகளுக்கு இரண்டு சோதனைகள்

ஒன்று: கண்ணாடி டம்ளரில் குளத்து நீர் நிரப்பி, நீரில் முழுகி வளரும் வேலம்பாசித் துண்டு ஒன்றைப் போட்டு வெயிலில் வையுங்கள். தண்டிலிருந்து சிறு குமிழ்கள் எழும். அதுதான் பிராணவாயு. கறுப்புத் துணியால் மூடி இருட்டறையில் வைத்துச் சிறிது நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். குமிழ் நின்றிருக்கும்.

இரண்டு: இரண்டு பாட்டில்களில் ஒரே நீர். ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் சோறு. மூடி இரண்டு நாள் வைத்துத் திறந்து, தள்ளி நின்று முகர்ந்து பாருங்கள். எங்கள் குளத்துக்கு நான் செய்தது என்ன என்பது புரிந்துவிடும். பிறகு பெரியவர்களிடம் கொடுத்துக் கொட்டச் சொல்லுங்கள்.

மீதிப் பாதி

நான் இத்தனை நாள் சொல்லாதது இதுதான். மூச்சுத் திணறல் என்று அந்தப் பெரியவர் சொன்னதும் கூட்டம் கலைந்தது. "மேகத்தால் வந்தது" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். நம் சங்கத்திலும் அப்படியே சொன்னேன். சோற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த நாள் இரவு தூக்கம் வரவில்லை. என் கணவர், "நீ போய்ச் சொல்லிவிட்டு வா. சொல்லாமல் இருக்கிற வரைக்கும் உனக்குத் தூக்கம் வராது" என்றார்.

முதலில் பௌதியிடம் போனேன். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மீன் தின்னாதவர் கையாலா என் மீன் செத்தது!" என்றார். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தில் பாதியை நான் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். மறுக்கவில்லை. அவர் மறுக்காததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

பிறகு தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பையன் கத்தரிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் கிழிந்த இடத்தை யாரோ தைத்துக் கொடுத்திருந்தார்கள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "குளத்தில் மீன் செத்தால் எல்லோரும் முதலில் ஸ்ப்ரே மெஷினைத்தான் பார்ப்பார்கள், திதிமணி. பாத்திரத்தை யார் பார்ப்பார்கள்?" என்றான். அன்று அவன் தெளிக்க வந்தது வேப்பெண்ணெய்க் கரைசல் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. யாரும் அவனை அதைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

இப்போதும் ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் குளத்தங்கரையில் கூடுகிறோம். புதிதாக வந்த குடும்பங்களும் வரலாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டுகோள். ஆளுக்கொரு டப்பா கொண்டு வாருங்கள். மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஜலத்துக்கு ஒரு பூவும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போதும். கும்மி அடித்த பிறகு, குழந்தைகள் ஒவ்வொருவராகப் படியில் உட்கார்ந்து கையை நீரில் விட்டு முழம் போட்டுப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம். போன தடவை உள்ளங்கை முக்கால் முழத்தில் மறைந்தது. நல்ல குளம்.